செயற்கைக்கோள் காப்பீட்டில் கோட்டை விடும் இடங்கள்

2016 செப்டம்பர் 1 அன்று கேப் கனாவெரல் ஏவுதளத்தில் நின்ற ஃபால்கன் 9 ராக்கெட், இன்ஜின் சோதனைக்கு எரிபொருள் நிரப்பும்போதே வெடித்தது. உச்சியில் இருந்த ஆமோஸ்-6 செயற்கைக்கோளும் அதோடு போயிற்று. ஏவுதல் பாலிசி அங்கே உதவவில்லை. ஏவுவதற்காகவே இன்ஜினைப் பற்றவைக்கும் நொடியில்தான் அது பொதுவாகத் தொடங்கும். கைகொடுத்தது, அதற்கு முந்தைய கட்டத்துக்கான சரக்குக் காப்பீடு.

ஆகவே செயற்கைக்கோள் உங்கள் நிறுவனத்துடையது என்றால், இந்த இரண்டு பாலிசிகளையும் எதிரெதிரே வைத்துப் படியுங்கள். ஒன்று எந்த நொடியில் முடிகிறது, அடுத்தது எப்போது தொடங்குகிறது? பற்றவைத்த இன்ஜினை உடனே அணைத்து ஏவுதலைத் தள்ளிப்போட்டால் பழைய காப்பீடு திரும்ப உயிர்பெறுமா? பதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு என்று நான் நினைப்பது, செயற்கைக்கோளின் நிலையை உள்ளபடி சொல்லாமல் விடுவது. யாரும் வேண்டுமென்று மறைப்பதில்லை. கட்டுப்பாட்டு அறைப் பதிவேட்டில் செயற்கைக்கோளைத் திருப்பி நிறுத்தும் சுழல்சக்கரம் ஒன்று சூடேறுவதாகக் குறிப்பு இருக்கும். நிதிப் பிரிவோ போன வருட அறிக்கையைத் தேதி மட்டும் மாற்றி, ‘எல்லாம் இயல்பு’ என்று காப்பீட்டுப் புரோக்கருக்கு அனுப்பியிருக்கும். பிறகு அதே சக்கரம் நின்றுபோனால் க்ளெய்ம் தகராறில் மாட்டிக்கொள்ளும். முன்பே சொன்னால் பிரீமியம் ஏறலாம், அந்தக் கோளாறு, பணம் தரப்படாதவற்றின் விலக்குப் பட்டியலுக்குப் போகலாம். போகட்டும், மற்றதுக்காவது பாலிசி நிற்கும். புதுப்பிக்கும் முன் பொறியாளர் ஒருவர் அறிக்கையை வரிவரியாகப் பார்த்துக் கையெழுத்திடட்டும்.

அப்புறம், ‘இழப்பு’ என்பதற்கான வரையறை. 2023-இல் ஏவப்பட்ட முதல் வயாசாட்-3 செயற்கைக்கோளில் பெரிய ஆன்டெனா சரியாக விரியவில்லை. செயற்கைக்கோள் உயிரோடுதான் இருந்தது, ஆனால் திட்டமிட்ட தரவுத்திறனில் 10 சதவீதம்கூடத் தேறவில்லை. பகுதி இழப்பைக் கணக்கிடும் சூத்திரம் மின்சாரத்தையும் எரிபொருள் ஆயுளையும் மட்டுமே பார்த்தால், இப்படி ஒரு பாதிப்பு அதில் ஏறவே ஏறாது. பழுதானதற்குப் பதிலாக வைத்த மாற்று உறுப்பு ஒன்று இன்னும் வேலை செய்கிறது என்பதற்காகவே பணம் மறுக்கும் பாலிசிகளும் உண்டு.

வருமான இழப்பு தானாகச் சேராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். மூன்றாம் தரப்பினருக்கு ஏற்படும் சேதமும் அப்படித்தான். விண்வெளிப் பொருள்களால் விளையும் சேதத்துக்கான 1972 பன்னாட்டு உடன்படிக்கைப்படி, செயற்கைக்கோள் பூமியில் விழுந்து சேதம் விளைந்தால் ஏவிய நாடே பொறுப்பு. அதை அந்த நாடு உரிம நிபந்தனை வழியாக உங்கள் தலையில் வைக்கலாம்.

முழு இழப்பீடு வாங்கியபின் செயற்கைக்கோள் யாருடையது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். பாதை தவறிய பலாபா பி-2, வெஸ்டார் 6 என்ற இரு செயற்கைக்கோள்களையும் 1984 நவம்பரில் டிஸ்கவரி விண்ணோடம் மீட்டுவந்தபோது, அவை காப்பீட்டாளர்களின் சொத்தாகியிருந்தன. இன்று மிஞ்சிய திறனை நீங்களே பயன்படுத்தினால் வருமானத்தில் அவர்களுக்கு எவ்வளவு பங்கு, கடைசியில் சுற்றுப்பாதையை விட்டு அகற்றும் செலவு யாருக்கு என்பது கையெழுத்துக்கு முன்பே முடிவாகட்டும்.