ஓவிய ஆசிரியர் வேலை: சம்பளத்தைக் கெடுக்கும் தவறுகள்

கோடை விடுமுறை முடிவதற்குச் சற்று முன்பாக, பள்ளிகளுக்கு விண்ணப்பம் எழுதவும் ஓவியத் தொகுப்பைக் காட்டி யோசனை கேட்கவும் பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள இளைஞர்கள் சிலர் ஆண்டுதோறும் என்னிடம் வருகிறார்கள். எங்கள் காலத்தில் நாங்கள் செய்த பிசகுகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். நேரத்திற்குப் போக வேண்டும், விண்ணப்பத்தில் எழுத்துப் பிழை இருக்கக் கூடாது என்பன போன்றவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கை நன்றாக வரைகிறது என்ற நம்பிக்கையில் காகித வேலைகளை அலட்சியம் செய்வதால் வரும் பண இழப்பைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

டி.டி.சி.யைத் தள்ளிப்போடுவது

அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் ஓவியத் தேர்வுகளில் லோயரையும் ஹையரையும் முடித்தவர்கள், கோடையில் 42 நாள்கள் நடக்கும் தொழிலாசிரியர் சான்றிதழ்ப் பயிற்சியை (டி.டி.சி.) 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். சென்னையிலோ கும்பகோணத்திலோ கவின்கலைக் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் படித்துப் பட்டம் வாங்கியவர்களிடம் இந்த அலட்சியம் இன்னும் அதிகம். உங்கள் தகுதியை முடிவு செய்வது பட்டத்தின் பெருமை அன்று. அறிவிக்கையில் அச்சாகியிருக்கும் தகுதிப் பத்தியே அதை முடிவு செய்கிறது. ஆசிரியர் தேர்வு வாரியம் 2017-ல் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் ஆகியவற்றுக்கான சிறப்பாசிரியர் பணியிடங்கள் 1,325-க்கு அறிவிக்கை வெளியிட்டது. அத்தகைய அறிவிக்கை நினைத்தபோதெல்லாம் வருவதில்லை. வந்த பிறகு மே மாதத்திற்காகக் காத்திருந்து சான்றிதழ் வாங்க அவகாசமும் இருக்காது. நிரந்தரப் பணியில் அடிப்படை ஊதியம் 20,600 ரூபாயில் தொடங்கி, அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் அதன் மேல் சேரும் என்பதை வைத்துப் பார்த்தால், 42 நாள்களைச் சேமித்தவர் எதை இழந்தார் என்பது புரியும்.

பகுதிநேரப் பணி தானாக நிரந்தரமாகும் என்று நம்புவது

அரசுப் பள்ளிகளில் 2012-ல் வாரத்திற்கு மூன்று அரை நாள்கள் என்ற கணக்கில் 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். அந்தத் தொகை 2021-ல் 10,000 ரூபாயாகவும், 2024-ல் 12,500 ரூபாயாகவும் உயர்ந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்களின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த எதிர்பார்ப்பை மட்டும் நம்பி, வேறு தேர்வு எழுதாமலும் மேற்கொண்டு படிக்காமலும் பன்னிரண்டு ஆண்டுகளைக் கடத்தியவர்களின் நிலையைப் பார்த்த பிறகும், இன்று வருகிற இளைஞர் அதே கணக்கைப் போடுவதுதான் வியப்பு.

நியமன ஆணை வாங்காமல் அசல் சான்றிதழைக் கொடுப்பது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. இதைக் கேட்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அம்பாசமுத்திரம் பக்கத்துத் தம்பி ஒருவர் நல்ல நீர்வண்ணக்காரர். தனியார் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்ததும் என்னைப் பார்க்க வந்தார். ஆணை எங்கே என்று கேட்டேன். "ஆர்டர்லாம் அப்புறம் தாறோம்னு சொல்லுதாவ அண்ணாச்சி. ஒரிஜினல மட்டும் இப்பம் வாங்கி பீரோவுல வச்சிருக்காவ" என்றார். "சரிபார்த்துட்டு உடனே திருப்பிக் கேளுடே" என்று சொன்னேன். முதல் வேலையிலேயே தாளாளரிடம் சட்டம் பேசினால் நன்றாக இருக்காது என்று அவர் கேட்கவில்லை.

மாதா மாதம் சம்பளம் உறையில் வந்தது. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய தாளில் அவர் கையெழுத்திடுவார். தொகை எழுத வேண்டிய இடம் வெற்றாக இருக்கும். உறைக்குள் 9,000 ரூபாய் இருந்தது. தாளில் பிறகு எவ்வளவு எழுதினார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஓவிய வகுப்பு போக, அறிவிப்புப் பலகை, ஆண்டு விழா மேடைப் பின்னணி, அறிவியல் கண்காட்சி அட்டைகள் என்று ஞாயிற்றுக்கிழமைகளும் போயின. சில ஆண்டுகள் கழித்து, இருமடங்கு சம்பளத்தில் வேறொரு பள்ளி அவரை நேர்காணலுக்கு அழைத்து, அசல் சான்றிதழ்களும் அனுபவச் சான்றிதழும் கொண்டுவரச் சொன்னது. பழைய பள்ளியோ கல்வியாண்டின் நடுவில் விலகுவதானால் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்ட வேண்டும் என்றது. அவர் கடன் வாங்கிப் பணத்தைத் திரட்டி முடிப்பதற்குள் அந்த இடத்திற்கு வேறொருவர் வந்துவிட்டார். இறுதியில் கைக்குக் கிடைத்த அனுபவச் சான்றிதழில் அவருடைய பதவி 'அலுவலக உதவியாளர்' என்று இருந்தது. ஓவிய ஆசிரியராக அவர் உழைத்ததற்குப் பிள்ளைகளின் நினைவைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அந்த வெற்றுத் தாளால் வரும் இழப்பு சம்பளத்தோடு நிற்பதில்லை. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பள்ளியில் வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்பட வேண்டும். உங்கள் பங்கு 12 விழுக்காடு, நிர்வாகமும் அதே அளவு செலுத்த வேண்டும். பெயர் பதிவேட்டில் இல்லாதவருக்கு இது வராது. பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) அப்படியே. ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2009-ல் சட்டம் திருத்தப்பட்டு, 3.4.1997 முதல் செல்லும் என்று முன்தேதியிடப்பட்டது; தனியார் பள்ளிகள் எதிர்த்து நடத்திய வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை உறுதி செய்தது. கடைசியாக 18,000 ரூபாய் வாங்கியவர் பத்து ஆண்டுகள் பணியாற்றியிருந்தால், மாதத்திற்கு 26 வேலை நாள் என்று வைத்து ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில் ஒரு லட்சத்து மூவாயிரத்துச் சொச்சம் வர வேண்டும். எந்தத் தேதியில் சேர்ந்தார், எவ்வளவு வாங்கினார் என்பதைக் காட்டும் காகிதம் இல்லாதவர் அதைக் கேட்கப் போகும் இடத்தில் எதை நீட்டுவார்?

ஆகவே சேரும் நாளிலேயே பதவியின் பெயர், சம்பளம், சேர்ந்த தேதி மூன்றும் உள்ள நியமன ஆணையைக் கேட்டு வாங்குங்கள். அசலைக் காட்டிவிட்டு நகலில் கையெழுத்திட்டுக் கொடுங்கள். சம்பளம் வங்கிக் கணக்கில் வரட்டும். அசலை வைத்துக்கொண்டுதான் வேலை தருவோம் என்று ஒரு பள்ளி பிடிவாதம் பிடித்தால், குறைந்தது தேதியும் முத்திரையும் இட்ட ரசீதாவது வேண்டும். அதையும் தர மறுக்கும் பள்ளி சம்பளத்தை மட்டும் ஒழுங்காகத் தரும் என்று நம்புவதற்குக் காரணம் இல்லை.

பணம் கட்டி இடம் வாங்குவது

வேண்டாம். அந்தப் பணத்திற்கு யாரும் ரசீது தருவதில்லை.

கேந்திரிய வித்யாலயாவை எட்டாக்கனி என்று ஒதுக்குவது

அங்கே ஓவிய ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 44,900 ரூபாய். நம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே விஜயநாராயணத்தில் ஒரு கேந்திரிய வித்யாலயா இருக்கிறது. ஆனால் நியமனம் இந்தியாவின் எந்த மூலையிலும் கிடைக்கலாம். இந்தியும் ஆங்கிலமும் பேசிப் பாடம் நடத்த வேண்டியிருக்கும். நம் பையன்கள் பின்வாங்குவது ஓவியத்தில் அன்று, இந்த இரண்டில்தான். நேர்காணலுக்குப் போகிறவர் அஜந்தாவைப் பற்றி மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு, நம் பக்கத்துத் திருப்புடைமருதூர்க் கோயில் கோபுரத்தின் உள்தளங்களில் இருக்கும் சுவரோவியங்களையும் மரச் சிற்பங்களையும் ஏறிப் பார்த்ததே இல்லை என்பதையும் கண்டிருக்கிறேன். மத்திய அரசின் உறைவிடப் பள்ளிகளான நவோதயா பள்ளிகள் தமிழ்நாட்டில் இல்லாததால், அங்கே விண்ணப்பிப்பவர் வெளிமாநிலம் போகத் தயாராக இருக்க வேண்டும்.

சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்குவது

மே மாதம் சம்பளம் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

வீட்டு வகுப்பைக் கோடைக்கு மட்டும் வைப்பது

மே மாதத்தில் பள்ளிச் சம்பளம் வராதவருக்குக் கோடை வகுப்புதான் வருமானம், டி.டி.சி. பயிற்சியும் அதே நாள்களில்தான் வருகிறது. குடும்பப் பொறுப்பு கூடக் கூட அந்த வருமானத்தை விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போவது கடினமாகும் என்பதால், திருமணத்திற்கு முன்பே அதை முடிப்பது நல்லது. வகுப்பையும் கோடையோடு நிறுத்தாமல், லோயர், ஹையர் தேர்வு எழுதும் மாணவர்களை ஆண்டு முழுவதும் சனி, ஞாயிறுகளில் வைத்துக்கொண்டால் வருமானம் சீராக இருக்கும். கட்டணத்தை மாதத் தொடக்கத்தில் வாங்க வேண்டும். தாள், வண்ணச் செலவைத் தனியாகச் சொல்லிவிட வேண்டும். தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைக்கும் இதே கட்டணம்தான்.