இரு விமான நிலையங்களுக்கு இடையேயான தொலைவையும் பறக்கும் நேரத்தையும் கணக்கிடுவது எப்படி?

தொலைவை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைத்துவிடும் என்று எண்ணுபவர்களுக்கு, பயணச்சீட்டில் உள்ள நேரம் அதைவிடக் கூடுதலாக இருப்பது குழப்பத்தைத் தரும். சிறிய விமான நிலையங்களுக்கு இடையிலான குறுகிய பயணங்களில் இந்த வேறுபாடு இன்னும் உறுத்தலாகத் தெரியும். கொசைன் பொத்தான் உள்ள ஒரு கால்குலேட்டர் இருந்தால் இரண்டையும் நாமே கணக்கிடலாம்.

படி 1: இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கநிலையினர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ஒரு பாகைக்கு (டிகிரி) 60 கலைகள் (மினிட்) என்பதால், 58 பாகை 30 கலை என்பதை 58.5 என்று எழுத வேண்டுமே தவிர 58.30 என்று எழுதக் கூடாது. அட்சரேகையில் அந்த 0.2 பாகைப் பிழையே சுமார் 22 கிலோமீட்டர் ஆகிவிடும்.

படி 2: எடுத்துக்காட்டாக, முதல் நிலையம் வடக்கு 58.5, கிழக்கு 20.25 பாகையிலும், இரண்டாவது வடக்கு 61.5, கிழக்கு 26.25 பாகையிலும் இருப்பதாகக் கொள்வோம். அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 111.2 கிலோமீட்டர் என்பதால், வடக்குத் தெற்காக 3 பாகை என்பது 333.6 கிலோமீட்டர். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்குவதால், கிழக்கு மேற்கான 6 பாகையை 111.2 ஆல் பெருக்கிய பின், சராசரி அட்சரேகையான 60 பாகையின் கொசைனாலும், அதாவது 0.5 ஆலும், பெருக்க வேண்டும், இதற்கும் 333.6 கிலோமீட்டரே வருகிறது. பித்தாகரஸ் தேற்றத்தின்படி இவ்விரண்டும் சேர்ந்து தரும் நேர்த்தொலைவு சுமார் 472 கிலோமீட்டர். புவியின் ஆரத்தை 6371 கிலோமீட்டராகக் கொண்டு, கோளப் பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையிலான தொலைவைத் தரும் ஹாவர்சைன் சூத்திரத்தில் கணக்கிட்டால் 471.4 வருகிறது. இவ்வளவு குறுகிய பயணத்துக்கு எளிய வழியே போதுமானது. ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டினாலோ துருவத்தை நெருங்கினாலோ ஹாவர்சைனையே நாட வேண்டும். விமானிகளின் கணக்கில் இந்த 472 கிலோமீட்டர் ஏறத்தாழ 255 கடல் மைல், ஏனெனில் ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.

படி 3: குறுகிய வழித்தடங்களில் பறக்கும் டர்போபிராப் (சுழலும் உந்துவிசிறி கொண்ட) விமானத்தின் வேகத்தை மணிக்கு 500 கிலோமீட்டர் எனக் கொண்டால் 57 நிமிடம் ஆகும். எதிர்க்காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் வீசினால் 64 நிமிடமாகவும், அதே காற்று பின்னாலிருந்து வீசினால் ஏறத்தாழ 51 நிமிடமாகவும் மாறும். போகும்போது இழந்த நேரம் திரும்பும்போது முழுவதுமாக ஈடாவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

படி 4: விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகத்தில் பறப்பதில்லை, நேர்க்கோட்டை விட்டு விலகி ஓடுபாதையின் திசைக்குத் திரும்பவும் வேண்டும். இதற்குப் பத்து நிமிடமும், தரையில் ஊர்ந்து செல்வதற்குப் பத்து முதல் பதினைந்து நிமிடமும் சேர்த்தால், காற்றில்லாத நாளில் மொத்தம் சுமார் 1 மணி 20 நிமிடம் ஆகும். பயணச்சீட்டில் இருப்பது நிறுத்துமிடத்திலிருந்து நிறுத்துமிடம் வரையிலான இந்த நேரமே. மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் ஜெட் விமானத்தில் வகுத்து வரும் நேரம் 35 நிமிடமாகக் குறைந்தாலும் இந்தச் சேர்க்கை அப்படியே நிற்பதால், குறுந்தொலைவில் ஜெட்டுக்குக் காத்திருப்பது வீண் என்பது என் கருத்து.

படி 5: புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரத்திலேயே அச்சிடப்படும். இரண்டாவது நிலையத்தின் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தியிருந்தால், காலை 9.00 மணிக்குக் கிளம்பும் விமானம் அங்கே 11.20க்கு இறங்கும், பகல் 12.00 மணிக்குத் திரும்பக் கிளம்பினால் இங்கே 12.20க்கே வந்து சேரும்.