கிரேட் பைரனீஸ் நாய் வளர்க்க ஆசையா? முதல்ல இருந்து ஒவ்வொரு ஸ்டெப்பா பாப்போம்

கிரேட் பைரனீஸ் குட்டி போட்டோவ பாத்துட்டு "எவ்ளோ க்யூட், எனக்கும் ஒண்ணு வேணும்"னு சொல்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்குற கேள்வி, ராத்திரி ரெண்டு மணிக்கு அது குரைச்சா உங்க பக்கத்து வீட்டுக்காரங்க என்ன சொல்வாங்கன்னுதான். அதுலயே பாதி பேர் ஜகா வாங்கிடுவாங்க. மீதி இருக்குறவங்களுக்குதான் இந்த பதிவு.

இது பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவுல இருக்குற பைரனீஸ் மலையில ஆடு காக்குறதுக்குன்னே வளர்த்த இனம். ஆட்டை ஓட்டுற நாய் வேற, காக்குற நாய் வேற. பார்டர் கோலி மாதிரி ஓட்டுற நாய் எல்லாம் மேய்ப்பர் மூஞ்சியவே பாத்துட்டு இருக்கும், அவர் விசில் அடிச்சா திரும்பும். இதுக்கு அந்த வேலையே கிடையாது, மேய்ப்பர் தூங்குற நேரத்துல மந்தையோட தனியா உக்காந்து ஓநாய் வருதா கரடி வருதான்னு பாத்து என்ன செய்யணும்னு தானே முடிவு பண்ணணும். அதனால நீங்க "வா"ன்னு கூப்பிட்டதும் உங்கள ஒரு பார்வை பாத்துட்டு அப்டியே நிக்கும் பாருங்க, அது திமிரும் இல்ல முட்டாள்தனமும் இல்ல, போலாமா வேணாமான்னு யோசிக்குது. இத மனசுல வாங்கிட்டீங்கன்னா கீழ சொல்றது எல்லாம் ஈஸியா புரியும்.

ஸ்டெப் 1: வேலி

குட்டி வர்றதுக்கு முன்னாடியே வேலி ரெடியா இருக்கணும். நல்லா வளர்ந்த ஆண் நாய் 45 கிலோவுக்கு மேல இருக்கும், தோள் உயரமே 27-ல இருந்து 32 இன்ச், பெண் நாய் கொஞ்சம் சின்னது, அவ்ளோதான். 6 அடி உயரத்துல கெட்டியான வேலி போடுங்க, அடியில தோண்டி வெளிய போகாத மாதிரி கம்பி வலைய மண்ணுக்குள்ள கொஞ்சம் இறக்கி விடுங்க, கேட்டுக்கு தாழ்ப்பாள் மட்டும் போதாது, மூக்கால தட்டியே தெறந்துரும், அதுனால மேல ஒரு கொக்கியும் வேணும். இதெல்லாம் எதுக்குன்னா, தன்னோட எல்லை எதுன்னு நீங்க காட்டலேன்னா அதுவே ஒண்ண முடிவு பண்ணிக்கும், அது பெரும்பாலும் அடுத்த தெருவையும் சேத்துதான் இருக்கும். காலர்ல ஷாக் குடுக்குற கண்ணுக்குத் தெரியாத வேலி இந்த நாய்க்கு சரிப்பட்டு வராது, போகணும்னு நெனச்சிட்டா வலிய பொறுத்துகிட்டு தாண்டிரும், தாண்டினப்புறம் திரும்பி உள்ள வர்றதுக்குதான் பயப்படும்.

ஸ்டெப் 2: குட்டிய தேர்ந்தெடுக்குறது

அம்மா அப்பா ரெண்டு பேரோட இடுப்பு எக்ஸ்ரே ரிப்போர்ட்டையும் கேளுங்க, பெரிய நாய்ங்களுக்கு ஹிப் டிஸ்ப்ளேசியா, அதாவது இடுப்பு மூட்டு சரியா பொருந்தாம போற பிரச்சனை, ரொம்ப சகஜம். கேட்டதுக்கு முகம் சுளிக்கிற ஆள்கிட்ட வாங்காதீங்க. அம்மா நாய நேர்ல பாருங்க, 8 வாரம் ஆகாத குட்டிய எடுத்துட்டு வராதீங்க. பின்னங்கால்ல உள்பக்கமா ரெண்டு ரெண்டு எக்ஸ்ட்ரா விரல் தொங்கிட்டு இருந்தா பயப்படாதீங்க, இந்த இனத்துக்கு அப்படித்தான் இருக்கணும்.

ஸ்டெப் 3: சாப்பாடும் எலும்பும்

பெரிய நாய் ஆச்சே, நல்லா போஷாக்கா போட்டு சீக்கிரம் வளர்க்கணும்னு தோணும். இங்கதான் நெறைய பேர் சறுக்குறது. வேகமா வளர்ந்தா எலும்பும் மூட்டும் தாங்காது, மெதுவா வளரணும். பெரிய இன குட்டிகளுக்குன்னே விக்கிற உணவா பாத்து வாங்குங்க, அதுல கால்சியம் அளவா இருக்கும். அதுக்கு மேல கால்சியம் மாத்திரை, டானிக்னு டாக்டர் சொல்லாம எதையும் சேக்காதீங்க, கூடுதல் கால்சியம் குட்டியோட எலும்ப கோணலாக்கிடும்.

எடை சரியா இருக்கான்னு கண்ணால பாத்து சொல்லவே முடியாது, முடி ஏமாத்திரும். கைய முடிக்குள்ள விட்டு விலாவ தடவி பாருங்க, லேசா அழுத்தினா விலா எலும்பு தட்டுப்படணும். ஒண்ணும் தட்டுப்படலேன்னா சாப்பாட்ட குறைங்க. வளந்தப்புறம் இது சாப்பிடுறது அதோட சைஸுக்கு கம்மியாத்தான் இருக்கும், தட்டுல மிச்சம் வச்சா பதறாதீங்க. எலும்பு முழுசா முதிர கிட்டத்தட்ட 2 வருஷம் ஆகும், அதுவரைக்கும் உயரத்துல இருந்து குதிக்க வைக்குறது, சைக்கிள் பின்னாடி ஓட வைக்குறது எல்லாம் வேணாம்.

ஸ்டெப் 4: குட்டியா இருக்கும்போதே தொட்டுப் பழக்குங்க

3 வாரத்துல இருந்து சுமார் 14 வாரம் வரைக்கும் பாக்குறத எல்லாம் குட்டி சாதாரணமா எடுத்துக்கும், அதுக்கப்புறம் புதுசா எது வந்தாலும் சந்தேகம்தான், அதுவும் காவல் நாய்க்கு சந்தேகம் ரத்தத்துலயே இருக்கு. அதனால குழந்தைங்க, தொப்பி போட்டவங்க, குடை, வாக்குவம் கிளீனர் சத்தம், கார் பயணம் எல்லாத்தையும் இந்த நேரத்துலயே காட்டிருங்க. தடுப்பூசி முழுசா முடியாததால தெரு நாய்ங்க நடமாடுற இடத்துல மட்டும் கீழ விடாம கையில தூக்கிட்டு போங்க, தூக்க முடியுற காலமே கொஞ்ச நாள்தான்.

தினமும் பாதத்த புடிச்சு விரல விரிச்சு பாருங்க, காத தூக்கி பாருங்க, வாய தெறந்து பல்ல பாருங்க, பாத்ததும் ஒரு தீனி குடுங்க. 5 கிலோ குட்டிய அமுக்கிப் புடிச்சு நகம் வெட்டிரலாம், 50 கிலோ ஆனப்புறம் அதோட சம்மதம் இல்லாம ஒரு நகத்தையும் வெட்ட முடியாது. ஆள் மேல தாவுறதுக்கும் இதே கதைதான், குட்டியா தாவும்போது சிரிச்சுட்டு விட்டீங்கன்னா அப்புறம் வயசானவங்க வீட்டுக்கே வர முடியாது.

ஸ்டெப் 5: வெளிய போனா லீஷ் (காலர்ல மாட்டி புடிக்கிற கயிறு)

எப்பவும், எல்லா இடத்துலயும். "எங்க நாய் கூப்பிட்டா வந்துரும்"னு சொல்றவங்க இருக்காங்க, வரும்தான், அதுக்கு வேற முக்கியமான வேலை எதுவும் இல்லாதப்ப.

ஸ்டெப் 6: குரைப்பு

குரைக்கிறத சுத்தமா நிறுத்த முடியாது, அது கெட்ட பழக்கம் இல்ல, அதோட டியூட்டியே அதுதான். ஓநாய்கிட்ட சண்டைக்கு போறதுக்கு முன்னாடி "நான் இங்க இருக்கேன், வராத"ன்னு சத்தம் போட்டு விரட்டுறதுதான் இதோட முதல் ஆயுதம். நீங்க உள்ள இருந்தே "ஏய் சும்மா இரு"ன்னு கத்தினா, ஓ இவங்களும் சேந்து குரைக்கிறாங்கன்னு இன்னும் ஜோரா ஆரம்பிச்சிரும்.

இப்படி பண்ணி பாருங்க. குரைச்சதும் எழுந்து போய் அது பக்கத்துல நில்லுங்க, அது பாக்குற பக்கமே நீங்களும் ஒரு நிமிஷம் பாருங்க, அப்புறம் நிதானமான குரல்ல "சரி, பாத்துட்டேன்"னு சொல்லிட்டு அங்க இருந்து திருப்பி கூட்டிட்டு வந்து தீனி குடுங்க. எப்பவும் அதே வார்த்தை, அதே குரல். கொஞ்ச மாசத்துல நீங்க அந்த வார்த்தைய சொன்னதும் ஒரு பெருமூச்சு விட்டுட்டு படுக்க ஆரம்பிக்கும், ஆனா "போ போ"ன்னு சலிச்சுகிட்டு சொன்னா நம்பாது, நீங்க நெஜமாவே பாத்தீங்களான்னு கவனிக்கும். ராத்திரில வீட்டுக்குள்ள படுக்க வைங்க, பாதி பிரச்சனை அதுலயே தீந்துரும்.

ஸ்டெப் 7: முடி

இதுக்கு டபுள் கோட், அதாவது மேல நீளமான முரட்டு முடி, அடியில கம்பளி மாதிரி மெத்துனு இன்னொரு அடுக்கு. மேலாக்க பிரஷ் ஓட்டிட்டு பளபளன்னு இருக்கேன்னு விட்டா, அடியில தோலோட ஒட்டி சிக்கு கட்டிட்டே இருக்கும், ஒரு நாள் கைய விட்டு பாத்தா தகடு மாதிரி இருக்கும்.

நாய ஒருக்களிச்சு படுக்க வைங்க. இடது கையால முடிய மேல்பக்கமா தூக்கிப் புடிங்க, தோல் தெரியுற மாதிரி ஒரு வகிடு தெரியும். அந்த வகிடுக்குக் கீழ கொஞ்சம் கொஞ்சமா முடிய விட்டு ஸ்லிக்கர் பிரஷால (மெல்லிய கம்பி பல்லு வச்ச பிரஷ்) தோல்ல இருந்து நுனி வரைக்கும் சீவுங்க, தோல்ல அழுத்தாதீங்க, எரியும். அந்த வரிசை முடிஞ்சதும் வகிட ஒரு இன்ச் மேல ஏத்திட்டு அடுத்தது. கடைசியா இரும்பு சீப்ப தோல்ல வச்சு இழுத்து பாருங்க, தடையில்லாம நுனி வரைக்கும் வந்தா முடிஞ்சுது, எங்கயாவது நின்னா அங்க இன்னும் சிக்கு இருக்கு. காதுக்குப் பின்னாடி, அக்குள், காலருக்கு அடியில, பின்தொடை, இந்த நாலு இடத்துலதான் மொதல்ல சிக்கு விழும்.

சிக்க கத்திரிக்கோல் வச்சு வெட்டாதீங்க, தோலும் அதுக்குள்ள இழுத்துட்டு வந்திருக்கும், முடின்னு நெனச்சு தோல வெட்டிருவீங்க. விரலால பிரிச்சு பிரிச்சு எடுங்க. குளிப்பாட்டுறதுக்கு முன்னாடியே சிக்கு எடுத்துரணும், தண்ணி பட்டா இறுகிக்கும். குளிச்சப்புறம் தோல் வரைக்கும் காயணும், ஈரம் உள்ள தங்கினா ஹாட் ஸ்பாட்னு சீழ் புடிச்ச புண்ணு வரும். அடிக்கடி குளிப்பாட்டவும் தேவையில்ல, சேறு காஞ்சதும் தானா உதிரும். உதிர்ற இடம் உங்க சோபாவா இருக்கும்ங்குறது வேற விஷயம்.

வாரத்துக்கு ரெண்டு தடவை சீவினா போதும், முடி கொத்து கொத்தா கொட்டுற சீசன்ல தினமும். பின்னங்கால் எக்ஸ்ட்ரா விரல் தரையில படாது, அதனால அந்த நகம் தேயாம சுருண்டு வளர்ந்து சதைக்குள்ள குத்திரும், சீவும்போதே அதையும் பாத்துருங்க.

வெயிலா இருக்கேன்னு மொட்டை மட்டும் அடிச்சிராதீங்க. அந்த முடிதான் வெயில் நேரா தோல்ல படாம தடுக்குது, ஷேவ் பண்ணா திரும்ப பழையபடி வளராமலும் போகலாம். அதுக்கு பதிலா அடிமுடிய சுத்தமா சீவி எடுங்க, காத்து உள்ள போகும். வாக்கிங் விடியக்காலையில, பகல்ல நிழலும் குளிர்ந்த தரையும் தண்ணியும். விடாம மூச்சு வாங்கி, ஈறு செக்கச்செவேல்னு ஆகி, தள்ளாடினா ஹீட் ஸ்ட்ரோக், உடம்புல தண்ணி ஊத்தி ஃபேன் போட்டுட்டு உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க.

ஸ்டெப் 8: டாக்டர்கிட்ட பேச வேண்டியது

ஆழமான நெஞ்சுக்கூடு இருக்குற நாய்ங்களுக்கு இரைப்பை காத்தடைச்சு அப்படியே முறுக்கிக்கிற ஆபத்து உண்டு. வயிறு உப்பும், வாந்தி எடுக்க முயற்சி பண்ணும் ஆனா ஒண்ணும் வராது, நிலைகொள்ளாம நடந்துட்டே இருக்கும். காலையில பாத்துக்கலாம்னு விட்டா நாய் இருக்காது, சில மணி நேரத்துல உயிர் போயிரும், ஆபரேஷன் மட்டும்தான் வழி. ராத்திரியும் தெறந்திருக்குற கால்நடை மருத்துவமனை எதுன்னு இப்பவே விசாரிச்சு நம்பர போன்ல போட்டு வைங்க.

கருத்தடை ஆபரேஷன எப்ப பண்ணலாம்னும் கேளுங்க, பெரிய இனங்களுக்கு வளர்ச்சி முடியுற வரைக்கும் தள்ளிப் போடச் சொல்ற டாக்டர்ங்க நெறைய பேர். அதே மயக்கத்துலயே இரைப்பைய வயித்துச் சுவரோட தச்சு விட முடியுமான்னும் கேட்டுருங்க, தச்சுட்டா முறுக்கிக்குற ஆபத்து ரொம்ப குறைஞ்சிரும். எடைய முடிய பாத்து குத்துமதிப்பா போடாம தராசுல ஏத்தி பாத்துட்டு மயக்க மருந்து அளவ முடிவு பண்ணச் சொல்லுங்க.