உலகக் கண்காட்சி நடத்துவது எப்படி? 1904 செயின்ட் லூயிஸ் காட்டும் வழி

பழைய உலகக் கண்காட்சிப் படங்களைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது வெள்ளை வெளேரென்ற அரண்மனைகள்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இதைப் பற்றிப் படிக்கப் படிக்க, படத்தில் தெரியாத வேலைகள்தான் கண்காட்சியைத் தாங்கி நிறுத்தின என்பது புரிந்தது. அந்த வேலைகளை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். உதாரணத்துக்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1904-இல் நடந்த கண்காட்சியை எடுத்துக்கொள்வோம். அதை நடத்திய கம்பெனியின் தலைவர் டேவிட் ஃபிரான்சிஸ். அந்த ஊரின் மேயராகவும் மிசௌரி மாநில ஆளுநராகவும் இருந்தவர். அவர் நாற்காலியில் உங்களை உட்கார வைத்துப் பாருங்கள்.

படி 1: காரணத்தைப் பிடியுங்கள்

உலகத்தையே கூப்பிட ஒரு காரணம் வேண்டும். 1803-இல் அமெரிக்கா பிரான்சிடமிருந்து லூயிசியானா பிரதேசத்தை வாங்கியது. அதன் நூற்றாண்டு விழா என்று செயின்ட் லூயிஸ் அறிவித்தது. அப்படியானால் 1903-இல் அல்லவா நடந்திருக்க வேண்டும்? அப்படித்தான் திட்டமிட்டார்கள். வெளிநாடுகளும் மாநிலங்களும் பொருட்களைத் தயார் செய்து அனுப்ப நேரம் போதவில்லை, ஓராண்டு தள்ளிப்போட்டார்கள். அது சரியான முடிவு. பாதி காலியாக இருக்கும் கூடத்தைத் திறந்துவைப்பதை விடத் தேதியை மாற்றுவது மேல்.

படி 2: பணத்தை மூன்று கைகளிலிருந்து வாங்குங்கள்

மொத்த முதல் 1.5 கோடி டாலர். லூயிசியானாவுக்கு 1803-இல் பேசிய விலையும் அதே தொகைதான். நகராட்சி கடன்பத்திரம் விற்று 50 லட்சம், பொதுமக்களும் வணிகர்களும் பங்கு வாங்கி 50 லட்சம், மத்திய அரசு 50 லட்சம். ஊர் தன் பங்கான ஒரு கோடியைத் திரட்டிக் காட்டினால்தான் தன் பங்கைத் தருவேன் என்று நாடாளுமன்றம் 1901-இல் நிபந்தனை போட்டது. ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்த வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. உழைப்பாளிக்கு விடுமுறை கிடைக்கிற ஒரே நாள் அதனால் போனது.

அப்படியும் கடைசி மாதங்களில் கை கடித்தது. அரசிடமிருந்து 46 லட்சம் டாலர் கடன் வாங்கினார்கள். வாசல் வசூலில் 40 சதவீதத்தை எடுத்துவைத்து, கண்காட்சி முடிவதற்குள் அடைத்துவிட்டார்கள். புதிதாக எந்த விழா நடத்துகிறவரும் கவனிக்க வேண்டிய இடம் இது: கடன் வாங்கும்போதே எந்த வருமானத்திலிருந்து, எந்தத் தவணையில் கட்டுவோம் என்று எழுதிக்கொண்டார்கள்.

படி 3: நிலம், அப்புறம் தண்ணீர்

ஃபாரஸ்ட் பார்க் என்ற ஊர்ப் பூங்காவின் மேற்குப் பகுதியும் அதை ஒட்டிய நிலமும் சேர்ந்து ஏறக்குறைய 1,270 ஏக்கர். பக்கத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த கட்டடங்களை வாடகைக்கு எடுத்து அலுவலகம் வைத்தார்கள். குறுக்கே ஓடிய டெ பேர் ஆற்றை மரப்பெட்டி போன்ற கால்வாய்க்குள் விட்டு மறைத்தார்கள்.

தண்ணீர்தான் பெரிய கவலை. ஊர்க்குழாயில் வந்தது மிசிசிப்பியின் சேற்றுத் தண்ணீர். திட்டத்தின் நடுநாயகமோ, ஃபெஸ்டிவல் ஹால் என்ற விழா மண்டபத்துக்கு முன்னால் படிப்படியாக இறங்கும் அருவிகள். அதில் பழுப்புத் தண்ணீர் விழுந்தால் எப்படி இருக்கும்? நீரேற்று நிலையத்தில் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் கலந்து சேற்றைப் படியவைக்கும் முறையை 1904 மார்ச்சில் தொடங்கினார்கள். திறப்பு விழா ஏப்ரல் 30. நூலிழையில் தப்பியது. கண்காட்சி முடிந்த பிறகும் அந்த ஊர் வீடுகளில் தெளிந்த தண்ணீர் வந்தது. ஏழு மாத விழா ஓர் ஊருக்கு விட்டுப்போனவற்றில் இதைத்தான் நான் மிக உயர்வாக நினைக்கிறேன்.

படி 4: அரண்மனைகளை வார்த்தெடுங்கள்

வேளாண்மை அரண்மனை ஒன்று மட்டும் 1,600 அடி நீளம், 500 அடி அகலம். இந்த அளவில் கல்லில் கட்டினால் பணமும் போதாது, நாளும் போதாது. அதனால் எலும்புக்கூடு மரத்தில், தோல் 'ஸ்டாஃப்' என்ற கலவையில். பாரிஸ் சாந்தோடு நார் சேர்த்துக் குழைக்க வேண்டும். கொலு பொம்மை வார்ப்பது போல அச்சில் ஊற்றி, காய்ந்ததும் எடுத்து மரச்சட்டத்தில் ஆணி அடித்துப் பொருத்த வேண்டும். ஒரே அச்சில் எத்தனை தூண் தலைப்பு வேண்டுமானாலும் எடுக்கலாம். ரம்பத்தால் அறுக்கலாம், உடைந்தால் ஒட்டுப் போடலாம். தூரத்தில் நின்றால் பளிங்கு. ஒரு பருவம் தாங்கினால் போதும் என்றே செய்தது.

ஒரே ஒரு விலக்கு, ஓவியங்கள் இருந்த கலை அரண்மனை. நாடுகள் இரவல் கொடுத்த ஓவியங்களைத் தீப்பிடிக்கும் மரக்கூட்டில் வைக்க முடியாது. அதன் நடுப்பகுதியை மட்டும் கல்லில் நிரந்தரமாகக் கட்டினார்கள்.

படி 5: எதை எங்கே வைப்பது?

ஃபிரெடரிக் ஸ்கிஃப் என்பவர் உலகப் பொருட்களையெல்லாம் 16 துறை, 144 குழு, 807 வகை என்று பிரித்தார். முதல் துறை கல்வி. இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் இடம் ஒதுக்கவும் முடியாது, பரிசு கொடுக்கவும் முடியாது. நடுவர்கள் வகை வகையாகத்தான் பார்த்துப் பதக்கம் கொடுப்பார்கள். நாடுகளுக்குத் தனிக் கட்டடத்துக்கும் இடம் கொடுங்கள். இலங்கை தன் தேயிலைக்காக அங்கே ஒரு மனை வைத்திருந்தது. அமெரிக்கர்கள் அங்கே குடித்த தேநீருக்குப் பின்னால் மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழர்களின் கைகள் இருந்தன.

படி 6: கூட்டத்தைச் சேருங்கள்

பெரியவர்களுக்கு 50 சென்ட். படிக்க வருகிறவர்கள் மட்டும் வந்தால் கணக்கு நிற்காது, அதனால் 'பைக்' என்று ஒரு மைல் நீளக் கேளிக்கைத் தெரு. கடைக்காரர்கள் தங்கள் வசூலில் பங்கு கொடுக்க வேண்டும். சிகாகோவில் 1893-இல் சுற்றிய பெரிய ராட்டினத்தையும் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 264 அடி உயரம், 36 பெட்டி, ஒரு பெட்டிக்கு 60 பேர். இலவச அனுமதியும் சேர்த்து ஏறக்குறைய 1 கோடி 97 லட்சம் முறை வாசல் கடந்தார்கள்.

படி 7: இதை மட்டும் செய்யாதீர்கள்

மனிதர்களைக் காட்சிக்கு வைத்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கா பிடித்த பிலிப்பைன்சிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்து 47 ஏக்கரில் குடிவைத்து வேடிக்கை காட்டினார்கள். போர்க்கைதியாக இருந்த அப்பாச்சி பழங்குடித் தலைவர் ஜெரோனிமோ, காவலுக்கு நடுவே தன் படத்தையும் கையெழுத்தையும் விற்றார். காங்கோவிலிருந்து வந்த ஓட்டா பெங்கா இரண்டு ஆண்டு கழித்து நியூயார்க் விலங்குக் காட்சிசாலையில் குரங்குகளோடு வைக்கப்பட்டார், 1916-இல் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தார். அந்தக் காலம் அப்படி என்று தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. ஓட்டா பெங்காவைக் கூண்டிலிருந்து விடச் சொல்லி அப்போதே கறுப்பினப் பாதிரிமார்கள் போராடினார்கள்.

படி 8: பிரிக்கவும் திட்டம் வேண்டும்

டிசம்பர் 1 நள்ளிரவில் விளக்குகளை அணைத்தார்கள். இடிப்பு வேலைக்கென்றே இருந்த ஒரு சிகாகோ கம்பெனி எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கி, பிரித்த மரத்தை விற்றது. ராட்டினத்தை 1906-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஃபெஸ்டிவல் ஹாலின் பிரமாண்ட ஆர்கன் (குழாய்களில் காற்றைச் செலுத்தி வாசிக்கும் இசைக்கருவி) பிலடெல்பியாவில் ஒரு கடைக்குப் போய், இன்னும் பெரிதாக வளர்ந்தது. கல்லில் கட்டிய கலை அரண்மனை இன்று நகரத்தின் கலை அருங்காட்சியகம். ஸ்மித்சோனியன் நிறுவனம் கண்காட்சிக்காக அமைத்த, உள்ளே நடந்துபோகக்கூடிய பெரிய பறவைக்கூண்டை நகரமே விலைக்கு வாங்கியது. அதைச் சுற்றித்தான் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலை வளர்ந்தது. இன்றும் அந்தக் கூண்டு அதே இடத்தில் நிற்கிறது.