தனியாகப் போக முதல் ஊர்: ஹம்பி

முதல் தடவை தனியாகப் போக எந்த ஊர் நல்லது என்று கேட்கும் தோழிகளுக்கு நான் கர்நாடகத்தில் பழைய விஜயநகரப் பேரரசின் தலைநகராக இருந்த ஹம்பியைத்தான் சொல்வேன். ஹொசபேட்டேயில் ரயிலை விட்டு இறங்கினால் 13 கிலோமீட்டர்தான், அரசுப் பேருந்தே போகிறது. விடிந்தபிறகு போய்ச் சேருகிற வண்டியாகப் பாருங்கள். மேல் பெர்த் எடுங்கள். பையைத் தலைமாட்டில் வைத்து நிம்மதியாகத் தூங்கலாம். ரயிலில் தொந்தரவு என்றால் 139-ஐ அழையுங்கள். முதல் இரவுக்கு மட்டும் அறை பதிவு செய்தால் போதும், இடம் பிடித்துப்போனால் அப்புறம் நீட்டிக்கலாம்.

காலையிலேயே கிளம்பிவிடுங்கள், உச்சி வெயிலில் பாறையெல்லாம் கொதிக்கும். 50 ரூபாய் நோட்டில் பார்க்கிறோமே, அந்தக் கல்தேர் விட்டலர் கோயிலில் இருக்கிறது. கூட்டமாக வருகிறவர்கள் தேர் முன்னால் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்களோ மண்டபத் தூணில் இருக்கும் ஒரு யாளியையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நிற்கலாம். "வா, நேரமாச்சு" என்று இழுக்க ஆள் கிடையாது. இந்த ஒன்றுக்காகவே தனியாகப் போக வேண்டும் என்பேன்.

மதங்க மலையிலிருந்து சூரிய அஸ்தமனம் பார்க்க ஆசையா? மற்றவர்கள் இறங்கும்போதே நீங்களும் இறங்கிவிடுங்கள். இருட்டில் அந்தப் படிகளும் பாறைகளும் ஆபத்து. துங்கபத்திரைக் கரைப் பாதையிலும் ஆள் நடமாட்டம் இல்லையென்றால் ஆட்டோ பிடியுங்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று தினமும் வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவிடுங்கள். கையில் கொஞ்சம் சில்லறையும் இருக்கட்டும்.