திருச்சியில் இறங்கிக் காரில் சுற்றப் போகிறவர்களுக்கு: பிள்ளையோடு கேட்க ஒலிநூல்

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம் நான்கு மணி நேரத்தை ஒட்டித்தான். உட்கார்ந்தே கழிக்கும் பொழுது அதற்குப் பிறகு வருகிறது. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் ஒன்றேகால் மணி, மதுரை இரண்டரை மணி, மதுரையிலிருந்து கன்னியாகுமரி நான்கு மணிக்கு மேல். படிவம் மூன்று படிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை இந்த நேரமெல்லாம் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கைப்பேசியில் குனிந்துவிட்டால், வாடகைக் காருக்குக் கொடுத்த காசில் பாதி வீண். காரின் ஒலிபெருக்கியில் எல்லாரும் சேர்ந்து கேட்கிற ஒரு கதை இருந்தால் பிள்ளை ஜன்னலைப் பார்க்கும். மலைப்பாதையிலும் இதுதான் நல்லது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் திரையைப் பார்த்தால் குமட்டும், காதால் கேட்டால் அவ்வளவு தொல்லை இல்லை.

பிள்ளையின் தமிழ்க் காது எப்படி என்று முதலில் பாருங்கள். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் என்று போன பிள்ளைக்கு வாசிப்பு மெதுவாகியிருக்கும், காது கெட்டிருக்காது. பத்து நிமிடம் ஓடவிட்டு, "என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேளுங்கள். மலாய், ஆங்கிலம் கலந்து சொன்னாலும் சரி, யார் யாரிடம் என்ன செய்தார் என்பது வந்தால் போதும். பெரும்பாலும் தடுக்குவது சொல் அல்ல, பெயர்.

பொன்னியின் செல்வனில் இந்தத் தொல்லை அதிகம். கல்கி இதை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார், ஐந்து பாகம், மொத்தம் 293 அத்தியாயம். ஒரே ஆள் அருள்மொழிவர்மர், பொன்னியின் செல்வர் என்று மாறி மாறி வருவார். பழுவேட்டரையர் இரண்டு பேர். கேட்பவர் பின்னால் புரட்டிப் பார்க்க முடியாது என்பதால் மூன்றாவது அத்தியாயத்திலேயே கை நழுவும். பத்துப் பெயரை ஒரு தாளில் பெரிதாக எழுதி, "இவர் இன்னாருக்குத் தம்பி" என்று பக்கத்தில் குறித்து, முன் இருக்கையின் பின்பையில் செருகி வையுங்கள்.

ஒன்பது நாள் பயணத்தில் ஐந்து பாகத்தையும் முடிக்கலாம் என்று கணக்குப் போடவேண்டாம். அத்தியாயம் ஒன்றுக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம் ஆகும். முதல் பாகத்தின் 57 அத்தியாயங்களே பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டி வரும். சென்னையில் இறங்கி விக்கிரவாண்டி, சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம் போகிறவர்களுக்கு முதல் அத்தியாயமே போதும். ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வரும் வீர நாராயண ஏரி இன்றைய வீராணம், காட்டுமன்னார்கோயில் பக்கம் இருக்கிறது. கோடையில் போனால் தண்ணீர் இல்லாமலும் இருக்கலாம். கதையில் கடல்போல் வரும் ஏரி எங்கே என்று பிள்ளை கேட்கும் என்பதால், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

திருச்சியில் இறங்குகிறவர்களுக்குக் கல்கியின் இன்னொரு நாவலான பார்த்திபன் கனவு கைக்கு அடக்கமானது. மூன்றே பாகம், ஆட்களும் குறைவு. கதை தொடங்குவது உறையூரை ஒட்டிய காவிரிக்கரையில், உறையூர் இன்று திருச்சி நகருக்குள்ளேயே இருக்கிறது.

நாவல் என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைக்குச் சிறுகதைதான் சரி. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' தொடங்குவது சென்னையில், பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் முனையில். அந்தப் பக்கத்து நெரிசலில் கார் நகராமல் நிற்கும்போது போடுங்கள். அதன் நக்கலுக்குப் பிள்ளை எங்கே சிரிக்கிறது, எங்கே சிரிக்கவில்லை என்பதிலிருந்தே அடுத்து எதைப் போடலாம் என்று தெரிந்துவிடும். பொள்ளாச்சி வழியாக டாப்சிலிப் காட்டுக்குப் போகிறவர்களுக்கு, அங்கேயே நடக்கும் ஜெயமோகனின் 'யானை டாக்டர்'. காட்டு விலங்கு மருத்துவம் என்றால் இந்த வயதுப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். ஆனால் அழுகிய யானை உடலும் புழுவும் விவரமாக வருகின்றன. பொள்ளாச்சியில் சாப்பிட்ட கையோடு போடவேண்டாம்.

ஒரே கதைக்கு இரண்டு மூன்று ஒலிவடிவம் இருந்தால், இசையும் பல குரலும் சேர்ந்த நாடக வடிவத்தைவிட ஒருவரே நிதானமாக வாசிப்பதை எடுங்கள். வீட்டில் நாடகம் அருமையாக இருக்கும். காரில் ரகசியம் பேசும் இடம் டயர் சத்தத்தில் அமுங்கிப்போகும், ஒலியைக் கூட்டினால் அடுத்த நொடி போர் முரசு காதைக் கிழிக்கும்.

ஒத்திகை பார்க்கப் பினாங்குச் சாலையே போதும். கோலாலம்பூரிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்கு மேல். கிளம்புமுன் கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு ஓடவிடுங்கள். ரவாங் தாண்டுவதற்குள் நின்றுபோனால் கதை பதிவிறக்கம் ஆகவில்லை, இணையத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது என்று பொருள். தாப்பா ஓய்விடத்தில் இறங்கிவிட்டு ஏறும்போது நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். பிள்ளையே "போடுங்கப்பா" என்றால் கதை தேறிவிட்டது. ஈப்போ வரை வாய் திறக்காவிட்டால் வேறு கதை தேடுங்கள், வற்புறுத்துவதில் பயனில்லை.

பதிவிறக்கத்தை வீட்டு வைஃபையில் முடித்துவிடுங்கள். 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 29 எம்பி, பத்து மணி நேரமும் 300 எம்பிக்குள் அடங்கும். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், சில இந்தியச் செயலிகள் +91 எண்ணுக்குத்தான் ஓடிபி அனுப்பும், பணம் கட்ட யுபிஐ என்ற இந்தியக் கைப்பேசிக் கட்டண முறையைக் கேட்கும். கணக்கு எந்த நாட்டில் திறந்ததோ அதைப் பொறுத்தும் கிடைக்கும் நூல்கள் மாறும்.

வாடகைக் காரின் ப்ளூடூத்தில் ஓட்டுநரின் கைப்பேசி ஏற்கெனவே இணைந்திருக்கும். உங்களுடையதை இணைத்தாலும் அவருக்கு அழைப்பு வந்தால் கதை அறுந்துபோகும். 3.5 மில்லிமீட்டர் ஆக்ஸ் கம்பி ஒன்று, கைப்பேசியில் அந்தத் துளை இல்லையென்றால் டைப்-சி மாற்றி ஒன்று, இரண்டையும் கைப்பையில் போடுங்கள். ஒலி அமைப்பில் பேஸை மூன்று நான்கு படி இறக்கி, நடுவொலியை இரண்டு படி ஏற்றினால் பேச்சு தெளியும். சாலை இரைச்சல் பெரும்பாலும் கீழொலி, பேஸைக் கூட்டினால் அதோடு போய்க் கலந்துவிடும். முன் ஒலிபெருக்கி மட்டும் ஓடுகிறதா என்றும் பாருங்கள், பின்னால் இருக்கும் பிள்ளைக்குக் கேட்காததற்குப் பாதி நேரம் காரணம் அதுதான். ஏர்கான் காற்றை இரண்டாம் எண்ணுக்கு இறக்குங்கள்.

போடுமுன் ஓட்டுநரிடம், "அண்ணே, கதை போடலாமா, உங்களுக்குத் தொந்தரவு இல்லையே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பல பேர் ஆர்வமாகக் கேட்பார்கள், ஊர்ப்பெயர் வந்தால் கையைக் காட்டியும் சொல்வார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தாலாட்டு மாதிரிக் குரல் வேண்டாம், அவருக்கும் கண் சொருகும். ஹார்ன் சத்தத்தில் ஒரு வரி விழுங்கப்பட்டால் பின்னோக்கும் பொத்தானைத் தட்ட வேண்டியதுதான். கைப்பேசி பிள்ளையின் கையில் இருக்கட்டும். வேகம் 1.0, பழகியபின் 1.1. சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பொருள் விளக்கினால் தமிழ் வகுப்பாகிவிடும், அத்தியாயத்துக்கு ஒரு நிறுத்தம் போதும்.

ஒவ்வொரு நாளும் காரைவிட்டு இறங்குமுன் பாகம், அத்தியாயம், நிமிடம் மூன்றையும் அந்தப் பெயர்த்தாளின் பின்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள். வேறு கைப்பேசியில் திறக்கும்போது சில செயலிகள் விட்ட இடத்தை மறந்துவிடும்.