பழைய பாய்மரப் படகை வாங்கும் முன்

நெடும்பயணத்துக்காகப் பழைய ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகை வாங்க நினைப்பவர்கள், புதுப் பெயின்டையும் மெத்தைகளையும் பார்த்து மயங்குவதற்கு முன், மேல்தளம் முழுவதையும் சிறிய பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்ற ஒலி மங்கித் தொப்பென்று கேட்கும் இடத்தில், இரு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே உள்ள பால்சா மரம் நீர் புகுந்து இற்றுப்போயிருக்கலாம். போல்ட்டுகள் தளத்தைத் துளைத்து இறங்கும் இடங்களில்தான் இது பெரும்பாலும் தொடங்குகிறது. என் கருத்தில், இதைவிட அவசியமான சோதனை வேறில்லை.

பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளின் முனைகளில் மயிரிழை விரிசலோ, அறுந்த இழையோ தென்பட்டால், அவற்றை மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டே விலை பேசுங்கள்.

நீர்மட்டத்துக்குக் கீழுள்ள வால்வுகள் வெண்கலத்தில் இருப்பது நல்லது. பித்தளையிலுள்ள துத்தநாகத்தைக் கடல்நீர் அரித்துவிடுவதால், சுரண்டிய இடம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள். வாங்கிய பிறகும் அவற்றை மாதம் ஒருமுறையேனும் திறந்து மூடி வாருங்கள்.